சீரியல் மாதிரி இருக்குன்னு அம்மா சொன்னாங்க

புது டிவி வந்த வாரம் அம்மா முதல்ல கேட்டது ஜேன் ஆஸ்டன் நாவல வெச்சு 1995-ல பிபிசி எடுத்த பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் தொடர் தான். ஆறே எபிசோட், அதை அவங்க எத்தனை தடவ பார்த்திருப்பாங்கன்னு கணக்கே கிடையாது, முதல்ல பழைய குண்டு டிவியில, அப்புறம் என் லேப்டாப்புல, நடுவுல போன்ல கூட பார்த்தாங்க. "இப்பதான் ஒழுங்கா பெருசா பார்க்கப் போறேன்"னு சொல்லி கண்ணாடிய துடைச்சுப் போட்டுட்டு உக்காந்தாங்க. நெதர்ஃபீல்ட் வீட்டு நடனக் காட்சி வந்துச்சு. ரெண்டு வரிசையா எதிரெதிர நின்னு, கையப் பிடிச்சு, ஒரு சுத்து சுத்தி, மறுபடி அவங்கவங்க இடத்துக்குப் போற அந்த நடனம். ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம் ஆகல, அம்மா மெதுவா என் பக்கம் திரும்பி, "என்னடி இது, சீரியல் மாதிரி இருக்கு"ன்னாங்க.

எனக்கும் அதே தான் தோணிட்டு இருந்துச்சு, சொல்லத்தான் வார்த்தை கிடைக்கல. ஆளுங்க நடக்கல, வழுக்கிட்டுப் போனாங்க. துணியெல்லாம் நேத்து தைச்சு இன்னைக்குக் காலைல இஸ்திரி போட்ட மாதிரி இருந்துச்சு. கை வேகமா நகரும்போது விரலச் சுத்தி தண்ணிக்குள்ள பார்க்கிற மாதிரி ஒரு கலக்கம். அதே நடிகர்கள், அதே வசனம், அதே வீடு, ஒண்ணு கூட மாறல, ஆனா 1800-கள்ல வாழ்ந்த மனுஷங்க அங்க யாரும் இல்ல, அவங்க மாதிரி உடுத்திட்டு கேமரா முன்னாடி நிக்கிற கொஞ்சம் பேர் தான் இருந்தாங்க. அம்மா மூணாவது எபிசோட் போடச் சொல்லல. அது தான் எனக்கு ரொம்ப உறுத்துச்சு. இருபது வருஷத்துக்கு மேல அவங்க நேசிச்ச ஒண்ணு, பெருசா தெளிவா கிடைச்ச அன்னைக்கு கைய விட்டுப் போயிடுச்சு.

காரணம் கண்டுபிடிக்கிறது கஷ்டம் இல்ல, உங்கள்ல பாதிப் பேருக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். மோஷன் ஸ்மூத்திங். அந்தத் தொடர சூப்பர் 16 எம்எம் ஃபிலிம்ல எடுத்தாங்க, செகண்டுக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 தனித்தனிப் படம். டிவி என்ன பண்ணுதுன்னா ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல கை எங்க இருந்திருக்கும்னு தானே கணக்குப் போட்டு, யாரும் எடுக்காத ஃப்ரேம வரைஞ்சு செருகுது. விரலச் சுத்தி இருந்த கலக்கம் அந்தக் கணக்கு தப்பின இடம். விளையாட்டு பார்க்கிறப்போ பந்து தெளிவா தெரியணும்னு வெச்ச வசதி அது, பெட்டிய பிரிக்கும்போதே ஆன்ல இருந்துச்சு. மெனுவுக்குள்ள மூணு படி இறங்கித் தேடி அதை அணைச்சேன், கூடவே விவிட்னு இருந்த பிக்சர் மோட சினிமான்னு மாத்தினேன், அதே நடனத்த மறுபடி போட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாம பார்த்துட்டு, "இப்பதான் அவங்க வந்தாங்க"ன்னு சொன்னாங்க.

அந்த ஒரு வரிய நான் மாசக்கணக்கா மனசுல வெச்சுட்டு திரிஞ்சேன். அவங்க வந்தாங்கன்னா, அதுவரைக்கும் எங்க இருந்தாங்க? ஒரு செட்டிங்க மாத்தினா இருநூறு வருஷம் முன்னாடி இருந்தவங்க எப்படி வந்து நிப்பாங்க?

ஒட்டுப் போட்டது தெரியக் கூடாது

இன்னைக்கு நடக்கிற கதைய எப்படிப்பட்ட படத்துல காமிச்சாலும் பெருசா ஒண்ணும் கெடாது. சட்டை சட்டை தான், கிட்டப் போய் பார்த்தாலும் சட்டை தான். பழைய காலத்துல நடக்கிற கதைய எடுக்கிற பீரியட் டிராமாவுல அப்படி இல்ல. ஃப்ரேமுக்குள்ள இருக்கிற ஒவ்வொண்ணையும் யாரோ உக்காந்து உருவாக்கியிருக்காங்க. விக் நெத்தியில சேர்ற இடத்துல மெல்லிசா ஒரு லேஸ் இருக்கும், அதைத் தோலோட தோலா ஒட்டி மேல மேக்கப் பூசியிருப்பாங்க. சுவர்ல இருக்கிற ஈரக்கறை பெயின்ட். ஜன்னலுக்கு வெளிய தெரியுற சூரியன் பெரிய லைட். இத்தனை ஒட்டுகளையும் சேர்த்துப் பிடிச்சு ஒரே உலகமா ஆக்குறது கடைசியா மேல விழுற அந்தப் படத்தோட தன்மை தான்: பொடிப்பொடியா தெரியுற ஃபிலிம் கிரெய்ன், நகர்ற பொருள் மேல வர்ற லேசான மங்கல், நிழலுக்குள்ள கொஞ்சம் மறைஞ்சு போற மூலை. ஃபிலிம் கேமராவுல சாதாரணமா ஒவ்வொரு ஃப்ரேமும் பாதி நேரம் தான் வெளிச்சம் வாங்கும், அதாவது செகண்டுல 50-ல ஒரு பங்கு, மீதிப் பாதி நேரம் ஷட்டர் மூடியிருக்கும். அந்த மூடியிருந்த நேரத்துல நடந்தத நாம பார்க்கிறதே இல்ல, நம்ம மனசு தான் இட்டு நிரப்பிக்குது. நாம நிரப்பிக்கிற அந்த இடத்துல தான் அந்தக் காலம் இருக்குன்னு எனக்குத் தோணுச்சு. டிவி அந்த இடத்தையும் தானே நிரப்பிட்டா நமக்கு வேலை இல்லாம போயிடுது.

2012-ல தி ஹாபிட் படத்த செகண்டுக்கு 48 ஃப்ரேம்ல எடுத்து வெளியிட்டப்போ நிறைய பேர் சொன்ன குறையும் கிட்டத்தட்ட அம்மா சொன்னது தான், செட்டு செட்டா தெரியுதுன்னாங்க. அது கற்பனை உலகம், ஆனா பிரச்சினை ஒண்ணே தான், உருவாக்கின உலகத்த ரொம்பப் பக்கத்துல கொண்டு போய் நிறுத்திட்டாங்க. 2018 டிசம்பர்ல டாம் குரூஸும் டைரக்டர் கிறிஸ்டோஃபர் மெக்குவாரியும் சேர்ந்து, வீட்டு டிவியில மோஷன் ஸ்மூத்திங்க அணைங்கன்னு ஒரு வீடியோவே போட்டாங்க. 2019-ல டிவி கம்பெனிகளும் சினிமாக்காரங்களும் சேர்ந்து டிவிக்கு ஃபிலிம்மேக்கர் மோட்னு ஒரு செட்டிங்க அறிவிச்சாங்க, அத போட்டா இந்த மாதிரி மேல்வேலை எல்லாம் ஒரே அடியா நின்னுடும். இதெல்லாம் படிக்கப் படிக்க எனக்குள்ள ஒரு முடிவு கெட்டியா உறைஞ்சுடுச்சு: பழைய காலம்னா அது ஃபிலிம் மாதிரி தான் இருக்கணும், வீடியோ மாதிரி வழுவழுன்னு ஓடினா அது பொய். பார்க்கிறவங்க கிட்ட எல்லாம் இத சொல்லிட்டு இருந்தேன்.

மெழுகுவர்த்தி எவ்வளவு காட்டும்

வெளிச்சத்தப் பத்தி சொல்லாம போக முடியாது, ஏன்னா அசைவுக்கு அடுத்தபடியா டிவி கெடுக்கிறது அதைத் தான். ஸ்டான்லி குப்ரிக்கோட பாரி லிண்டன் படத்துல 1975-ல மெழுகுவர்த்தி வெளிச்சத்துலயே எடுத்த காட்சிகள் பத்தி எல்லாரும் பேசுவாங்க, நாசாவுக்காக ஜெய்ஸ் கம்பெனி செஞ்ச 50 எம்எம் லென்ஸ், அபர்ச்சர் எஃப் 0.7, அதாவது வெளிச்சத்த உள்ள விடுற வாய் ரொம்பப் பெருசு. அந்த லென்ஸ விட எனக்குப் பிடிச்சது அதோட பக்கவிளைவு. அவ்வளவு திறந்த லென்ஸ்ல ஃபோகஸ் இருக்கிற ஆழம் ரொம்ப ரொம்பக் குறைச்சல், நடிகர் தலைய கொஞ்சம் முன்னாடி சாய்ச்சா கூட கலங்கிப் போயிடும், அதனால அசையாம உக்காந்து நடிக்க வேண்டி இருந்துச்சு. அந்த அசையாமை தான் படத்த அந்தக் கால ஓவியம் மாதிரி ஆக்குச்சு. கருவியோட பலவீனம் ஒரு காலத்தோட நடை உடையா மாறிடுச்சு, இத நினைக்கும்போதெல்லாம் எனக்கு சந்தோஷமா இருக்கும்.

2015-ல வந்த உல்ஃப் ஹால், இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியோட மந்திரி தாமஸ் கிராம்வெல் கதை, அதே மாதிரி ராத்திரிக் காட்சிகள மெழுகுவர்த்திய நம்பி எடுத்த தொடர், ஆனா டிஜிட்டல் கேமராவுல. ஒளிபரப்பானப்போ ஒண்ணும் தெரியல, ஒரே இருட்டுன்னு நிறைய பேர் புகார் சொன்னாங்க. நான் அதை விவிட் மோட்ல அஞ்சு நிமிஷம், சினிமா மோட்ல அஞ்சு நிமிஷம்னு மாத்தி மாத்திப் பார்த்தேன். விவிட்ல வெள்ளை நீலம் பாய்ஞ்சு இருக்கும், மெழுகுவர்த்தி சுடர் டியூப்லைட் கலர்ல நிக்குது, நிழல எல்லாம் டிவி தூக்கி விடுறதால பின்சுவர்ல மரப்பலகை ஒவ்வொண்ணா எண்ணலாம். சினிமா மோட்ல அந்தச் சுவரே இல்ல. கிராம்வெல் உக்காந்திருக்கார், முகத்துல ஒரு பக்கம் தெரியுது, அந்தப் பக்கம் ரூம் எங்க முடியுதுன்னு தெரியல. அந்த அரண்மனையில யார் எங்க நின்னு ஒட்டுக் கேக்கிறாங்கன்னு அவருக்கும் தெரியாது. அந்த இருட்டு கதையோட பாதி. புகார் சொன்னவங்க மேல எனக்குக் கோபம் இல்ல, வெளிச்சமான ரூம்ல பகல்ல உக்காந்து பார்த்தா யாருக்கும் எதுவும் தெரியாது. லைட்ட அணைச்சுட்டுப் பாருங்கன்னு மட்டும் சொல்வேன்.

கலர் விஷயத்துல ஒரு ஆதங்கம் உண்டு, சொல்லிட்டு நகர்ந்துடுறேன். பழைய காலம்னாலே டீ கொட்டின மாதிரி ஒரு பழுப்பு பூசுற பழக்கம். மங்கினது நம்ம கைல இருக்கிற போட்டோ, அந்தக் காலம் மங்கல, அன்னைக்கும் புல் பச்சையா தான் இருந்துச்சு. பீட்டர் ஜாக்சன் 2018-ல முதல் உலகப் போர் ஃபுட்டேஜ எடுத்து, கையால சுத்தின கேமராவுல வேற வேற வேகத்துல பதிவானத எல்லாம் 24 ஃப்ரேமுக்குக் கொண்டு வந்து, கலரும் போட்டு தே ஷால் நாட் க்ரோ ஓல்டுன்னு ஒரு படம் பண்ணார். குடுகுடுன்னு ஓடிட்டு இருந்த பொம்மைங்க திடீர்னு நம்ம வேகத்துல நடக்க ஆரம்பிச்சதும் எனக்கு அழுகை வந்துடுச்சு. அதுல இல்லாத ஃப்ரேம கம்ப்யூட்டர் தானே உருவாக்கியிருக்கு, நான் திட்டிட்டு இருந்த அதே வேலை. அன்னைக்கே என் முடிவுல ஒரு சின்ன விரிசல் விழுந்திருக்கணும், ஆனா நான் கண்டுக்கல.

அந்த முகம்

நண்பர் ஒருத்தர் ஐ, கிளாடியஸ் பாருங்கன்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தார். பிபிசி, 1976, ரோமானியப் பேரரசர் குடும்பத்துக்குள்ள நடக்கிற கொலைகள். மொத்தமும் ஸ்டுடியோவுக்குள்ள, வீடியோ டேப்புல. இணையத்துல கிடைச்சதப் போட்டு இருபது நிமிஷத்துல நிறுத்திட்டேன். வெளிச்சம் எல்லா பக்கமும் ஒரே மாதிரி, ஏன்னா ஒரே நேரத்துல ஓடுற பல கேமராவுக்கும் சேர்த்து லைட் போட்டாகணும். கல் தூண் கல்லு இல்லன்னு தூரத்துல இருந்தே தெரியுது. நகை மின்னினா பின்னாடி வால் மாதிரி ஒரு கோடு இழுக்குது, அந்தக் கால வீடியோ கேமரா ட்யூப்போட குணம் அது. என் கொள்கைக்கு இத விட நல்ல சாட்சி கிடைக்காதுன்னு நினைச்சு மூடி வெச்சுட்டேன். நண்பர் விடல, தன் டிவிடிய கொண்டு வந்து கொடுத்து, "இதுல பாருங்க, நீங்க பார்த்தது அது இல்ல"ன்னார்.

நிஜமாவே நான் பார்த்தது அது இல்ல. வீடியோவுல செகண்டுக்கு 25 ஃப்ரேம்னு சொன்னாலும் ஒவ்வொரு ஃப்ரேமுக்குள்ளயும் ரெண்டு ஃபீல்ட், அதாவது ரெண்டு பாதிப் படம் இருக்கு, ரெண்டும் வேற வேற நொடித்துளியில பதிவானது. ஆக, அசைவு செகண்டுக்கு 50 தடவ. நான் இணையத்துல பார்த்த பதிப்புல ரெண்டு ரெண்டா ஒட்டி 25 ஆக்கி, அசைவுல பாதிய தூக்கிப் போட்டிருந்தாங்க. டிவிடியில 50-ம் இருந்துச்சு. போட்ட உடனே அந்த வழுவழுப்பு, அம்மா சொன்ன அந்த சீரியல் மாதிரி. எழுந்து போயிடலாம்னு தான் இருந்தேன்.

அகஸ்டஸ் சாகிற காட்சி வரைக்கும். பேரரசர் படுத்திருக்கார், பிரையன் பிளெஸ்ஸட் நடிச்சது. கேமரா அவர் முகத்துக்குக் கிட்ட வந்து நின்னுடுது, நகர மாட்டேங்குது. பொண்டாட்டி லிவியா, ஷியான் ஃபிலிப்ஸ், ஃப்ரேமுக்கு வெளிய இருந்து பேசிட்டே இருக்காங்க, நாம பார்க்கிறது அந்த முகம் மட்டும். கண்ணு திறந்திருக்கு. அவங்க பேசப் பேச நான் அந்தக் கண்ணையே பார்த்துட்டு இருக்கேன். ஒரு கட்டத்துல, இவர் கடைசியா எப்ப கண்ணு சிமிட்டினார்னு எனக்குள்ள ஒரு கேள்வி. சிமிட்டலையே. மூச்சு? தெரியல. வசனம் இன்னும் ஓடுது, முகம் அப்படியே இருக்கு, எந்த இடத்துல உயிர் போச்சுன்னு நமக்குச் சொல்லவே இல்ல, நாமளே தான் கொஞ்சம் லேட்டா உணர்றோம், அவர் போய் ரொம்ப நேரம் ஆயிடுச்சுன்னு.

நான் சோஃபா நுனியில உக்காந்திருந்தேன். அப்புறம் இணையத்துல கிடைச்ச அந்த 25 பதிப்புல இதே ஷாட்ட தேடிப் போட்டுப் பார்த்தேன். நல்ல ஷாட் தான், நடிப்பு அதே நடிப்பு தான். ஆனா அந்தப் பயம் இல்ல. ஏன் இல்லன்னு ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு நான் புரிஞ்சுக்கிட்டது இது தான்: ஃபிலிம்ல ஒரு முகம் அசையாம இருந்தா அது போட்டோ மாதிரி, அழகா இருக்கும், ஏற்கனவே நடந்து முடிஞ்ச ஒண்ணு. ஆனா அந்த 50 ஃபீல்ட் அசைவு ஓடும்போது கண்ணு அதை இப்ப நடக்கிறதா எடுத்துக்குது. லைவ்ல நியூஸ் பார்த்து, மேட்ச் பார்த்துப் பழகின கண்ணு தானே. அதுக்கு முந்தின ஷாட்ல எல்லாம் துணியோட மடிப்பு கூட உயிரோட அசைஞ்சுட்டு இருந்துச்சு, நேரம் என் ரூம் கடிகாரத்தோட சேர்ந்து ஓடிட்டு இருந்துச்சு, அந்த ஓட்டத்துக்கு நடுவுல ஒரே ஒரு முகம் மட்டும் நின்னு போனா, நின்னது அந்த மனுஷன். படம் நிக்கலன்னு எனக்குத் தெரியும். அதான் அவர் எப்ப சிமிட்டுவார்னு நான் காத்திருந்தேன். கி.பி. 14-ல செத்துப்போன ஒருத்தர் சிமிட்டணும்னு காத்திருந்தேன்.

அட்டைத் தூண் எல்லாம் எங்க போச்சுன்னு தெரியல, அதுக்கப்புறம் அது என்னை உறுத்தவே இல்ல. நாடகம் பார்க்கிறப்போ முன் வரிசையில உக்காந்தா திரைச்சீலை துணின்னு தெரியும், நடிகர் கழுத்துல வேர்வை வழியுறது தெரியும், அதனால நம்பிக்கை போயிடுமா? அந்த நடிகர்கள் அந்தத் தூரத்துக்குன்னு நடிச்சவங்க, குரல அந்த அளவுக்குத் தூக்கினவங்க. அந்த வீடியோ நம்மள அந்த ரூமுக்குள்ளயே உக்கார வைக்குது. நெதர்ஃபீல்ட் நடனம் அப்படி இல்ல, கொஞ்சம் தள்ளி, ஜன்னலுக்கு வெளிய நின்னு பார்க்கணும்னு எடுத்தது. எங்க வீட்டு டிவி செஞ்ச தப்பு என்னன்னா, ஜன்னலுக்கு வெளிய நின்னவள உள்ள பிடிச்சுத் தள்ளினது. இணையப் பதிப்பு அதுக்கு நேர் எதிர், உள்ள உக்கார வேண்டியவள வெளிய நிறுத்துச்சு. அது தெரியாம, வழுவழுன்னு ஓடினா பொய்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தேன்.

இதுக்கு அப்புறம் பழைய விஷயம் எல்லாமே வேற மாதிரி புரிய ஆரம்பிச்சுது. 70-கள்ல வந்த பிரிட்டிஷ் தொடர்கள்ல வீட்டுக்குள்ள வீடியோ, வெளிய 16 எம்எம் ஃபிலிம். ஒருத்தர் கதவத் திறக்கிற வரைக்கும் ரூமுக்குள்ள நம்ம கூட இருப்பார், வாசப்படி தாண்டின அடுத்த ஷாட்ல எங்கயோ தூரத்துல, நினைவுல நடக்கிற ஆள் மாதிரி ஆயிடுவார். முன்னாடி அதைக் குறையா பார்த்தேன், இப்ப அந்த வாசப்படிக்காகவே காத்திருக்கேன். ஸ்மூத்திங் ஆன்ல இருந்தா அந்த வித்தியாசமே தெரியாம போயிடும், உள்ளயும் வெளியவும் ஒரே வழுவழு. 2009-ல மைக்கேல் மான் பப்ளிக் எனிமீஸ எடுத்தார், 1930-கள் கதை, டிஜிட்டல் கேமராவுல, ராத்திரி துப்பாக்கிச் சண்டையெல்லாம் வேணும்னே வீடியோ மாதிரி. தியேட்டர்ல எனக்கு எரிச்சலா இருந்துச்சு, இப்ப பார்த்தா அந்த ராத்திரி இன்னும் முடியல, அடுத்து என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாதுங்கிற மாதிரி இருக்கு. ஃபிலிம்ல எடுத்தா தான் பழைய காலம் வரும்ங்கிறதும் இல்ல. 60-கள் கதையான மேட் மென் நாலு சீசன் ஃபிலிம்ல எடுத்துட்டு அஞ்சாவதுல இருந்து டிஜிட்டலுக்குப் போச்சு, படிச்சுத் தெரிஞ்சுக்கிற வரைக்கும் நான் அந்த மாற்றத்தக் கவனிக்கவே இல்ல, ஏன்னா நாம நிக்கிற தூரத்த அவங்க மாத்தல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஆஸ்டெக்ஸ் கதை. காலத்துல முன்னும் பின்னும் பயணம் போற பிபிசி தொடர் டாக்டர் ஹூவுல 1964-ல வந்த சரித்திரக் கதை அது, மெக்சிகோவுல ஆஸ்டெக் மக்கள் நடுவுல நடக்கிறது. வீடியோவுல ஒளிபரப்பானது, ஆனா மிஞ்சினது ஃபிலிம்ல பதிவு பண்ணி வெச்ச பிரதி மட்டும் தான், அதுல அசைவு 25 ஆயிடுச்சு. 2002-ல டிவிடி போட்டப்போ விட்ஃபயர்னு ஒரு முறைய வெச்சு, ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல விட்டுப்போன அசைவ கணக்குப் போட்டு வரைஞ்சு மறுபடி 50 ஆக்கினாங்க. கவனிச்சீங்களா, எங்க வீட்டு டிவி நெதர்ஃபீல்டுக்கு செஞ்ச வேலையும் இதே தான், நடுவுல இல்லாத ஃப்ரேம வரையுறது. அங்க அது இல்லாத ஒண்ணத் திணிச்சுது, இங்க தொலைஞ்சு போனத திருப்பிக் கொடுத்துச்சு. அதுக்குப் பின்னாடி இருந்தவங்க 1964-ல அந்த சாயங்காலம் வீட்டுல உக்காந்திருந்தவங்க என்ன பார்த்தாங்கன்னு கவலைப்பட்டவங்க, அவ்வளவு தான் வித்தியாசம்.

இப்ப எனக்கு இருக்கிற குறை, பழைய வீடியோ தொடர்கள இணையத்துல போடுறவங்க 50-ஐ 25 ஆக்கிட்டுப் போடுறது. நம்ம கைல இருக்கிற டிவியோட செட்டிங்க நாம அணைச்சுக்கலாம், ஃபிலிம்மேக்கர் மோட் 50-ல வர்றத 50-லயே தான் காட்டும், ஆனா டிவிக்கு வர்றதுக்கு முன்னாடியே பாதி போயிட்டா அதை எந்த மெனுவுல தேடுறது? ஃபைல் சைஸ் சின்னதாகும்னு பண்றாங்களோ, ஃபிலிம் மாதிரி தெரிஞ்சா மரியாதைன்னு பண்றாங்களோ, ரெண்டுமே நியாயம் இல்ல. ஒரு தலைமுறை இந்தத் தொடர்கள மட்டமான ஃபிலிம்னு நினைச்சு தாண்டிப் போகப் போகுது, நான் இருபது நிமிஷத்துல மூடி வெச்ச மாதிரி.

போன வாரம் அம்மாவ உக்கார வெச்சு அகஸ்டஸ் காட்சியப் போட்டேன், டிவிடில, லைட்ட அணைச்சுட்டு. முன்கதை கொஞ்சம் சொன்னேன், அத்திப்பழம், விஷம், இத்தனை வருஷம் கூட வாழ்ந்த பொண்டாட்டின்னு. ஆரம்பிச்ச உடனே சீரியல் மாதிரி இருக்குன்னு சொல்வாங்கன்னு எதிர்பார்த்தேன், சொல்லவும் செஞ்சாங்க. அப்புறம் அந்த முகம் வந்துச்சு. அம்மா பேச்ச நிறுத்திட்டாங்க. லிவியா பேசி முடிக்கிற வரைக்கும் அசையல. முடிஞ்சதும் கண்ணாடியக் கழட்டி துடைச்சாங்க, மறுபடி போட்டுக்கிட்டாங்க, "இன்னொரு தடவ போடுடி, எப்ப போனார்னு பார்க்கணும்"னாங்க.

மூணு தடவ போட்டோம். ரெண்டு பேராலயும் கண்டுபிடிக்க முடியல.